நீரில் கண்டம்

எனக்கு நீரில் கண்டம் என்று ஜாதகத்தில் எழுதியிருந்தது. எழுதிய ஜோசியர் பட்டுக்கோட்டைப் பக்கம். சிங்கப்பூரைக் கண்ணால் கண்டவரில்லை. பையன் பிறந்தது நாலாபுறமும் கடல் சூழ்ந்த ஊர் என்று மட்டும் யாரோ சொல்லியிருக்க வேண்டும். அதற்கப்புறம் கண்டத்தை வேறெதில் வைப்பது? ஜாதகம் கப்பல் தபாலில் வந்து சேர்ந்த நாள்முதல் அப்பாயி என்னைக் காவல் காத்தார். வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்ளும்போதுகூடக் குளியலறை வாசலில் நிற்பார்.

அறுபதைத் தாண்டிய பிறகு, பலதுறை மருந்தகத்தில் ஓர் இளம் டாக்டர் என் முட்டியின் எக்ஸ்ரேயைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். நம் பிள்ளைதான். "அங்கிள், ரன்னிங் வேணாம். ஸ்விம்மிங் போங்க, வாரத்துல மூணு நாள். சும்மா தண்ணியில நிக்கிறது கணக்குல வராது, லேப்ஸ் அடிக்கணும்" என்றார். அடுத்த பக்கத்தில் சர்க்கரை அளவைப் பார்த்ததும் மூன்றை நான்காக்கினார். சுகாதார அமைச்சு 2016-இல் நீரிழிவின் மீது போர் அறிவித்திருந்தது. நெய்த்தோசைக்கும் தே தாரிக்கும் பிறந்த நம்மவர்கள் அந்தப் போரின் முன்வரிசையில் இருக்கிறோம். எந்தப் பக்கத்து முன்வரிசை என்பதுதான் குழப்பம்.

ஆக, ஜாதகம் தடுத்ததை டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். அன்று எங்கு பார்த்தாலும் தண்ணீர், இறங்கத்தான் அனுமதியில்லை. இன்று அனுமதிக்குக் குறைவில்லை. நேர்கோட்டில் ஐம்பது மீட்டர் தண்ணீர் எங்கே காலியாக இருக்கிறது என்று தீவு முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நாங்கள் இருந்தது சிராங்கூன் சாலையை ஒட்டிய நகரசபைக் குடியிருப்பில். அப்பாவுக்குக் குடிநீர்க் குழாய்ப் பிரிவில் வேலை. 1963-இல் அது பொதுப் பயனீட்டுக் கழகத்தின் கைக்குப் போனது. சட்டையில் இருந்த எழுத்து மாறியது, குழாய் மாறவில்லை. ஊருக்கே தண்ணீர் விடுகிறவரின் மகன் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பதில் இருந்த வேடிக்கை அந்த வயதில் எனக்குப் புரியவில்லை. புரிந்திருந்தாலும் அப்பாயியிடம் சொல்லியிருக்க முடியாது.

பக்கத்தில் ரோச்சோர் கால்வாய். அதன் நாற்றத்தைப் பற்றி அந்தக் காலத்தவர்களைக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார்கள், நான் பேசப்போவதில்லை. சந்தைக் கழிவு, பட்டறை எண்ணெய் எல்லாம் கலந்த கறுப்புத் தண்ணீர். காலாங் ஆற்றின் மேல்பக்கம் பன்றிப் பண்ணை, வாத்துப் பண்ணை. அப்படியிருந்தும் வெள்ளம் ஏறும் நேரம் பார்த்துக் காலாங் ஆற்றில் குதிக்கப் பையன்கள் கூட்டமாகப் போவார்கள். கேட்பார் கிடையாது. கரையில் பலகை கிடையாது, விசில் கிடையாது, அபராதம் கிடையாது. தண்ணீர் மட்டும்தான் ஆபத்து.

1977-இல் பிரதமர் லீ குவான் யூ அந்த ஆறுகளைப் பத்தாண்டுக்குள் சுத்தப்படுத்தச் சொன்னார். 1987-இல் முடித்துக் காட்டினார்கள். பண்ணைகள் போயின, தெருக்கடைகள் உணவங்காடிக்குள் போயின, ஆற்றில் மீன் திரும்பி வந்தது. 2008-இல் மரினா அணைக்கட்டைத் திறந்ததும் உப்புத் தண்ணீர் வெளியே நின்றது. நகரத்தின் நடுவில் ஒரு நன்னீர்த் தேக்கம் உருவானது. காலாங் படுகையும் ரோச்சோரும் அதற்குள் அடக்கம். இன்றைக்கு அது நம் வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீர். ஆகவே அதில் நினைத்தபோது இறங்க முடியாது. எனக்கு இதில் குறையொன்றும் இல்லை, குடிக்கிற தண்ணீரில் நான் காலடிக்க வேண்டும் என்று எந்தக் கிறுக்கனும் கேட்க மாட்டான். ஆனாலும் பாருங்கள்: சாக்கடையாக இருந்தவரை அது பொதுச் சொத்து. சுத்தமானதும் வேடிக்கை பார்க்கிற பொருளாகிவிட்டது. கரையோரம் நடைபாதை போட்டு, பெஞ்சு போட்டு, உட்கார்ந்து பார்க்கச் சொல்கிறார்கள்.

கடல் கதை வேறு. அப்பாவுக்கு ஓய்வான ஞாயிற்றுக்கிழமைகளில் கத்தோங் பூங்காவுக்குப் போவோம். கடலுக்குள் மரக்கம்பங்களை வரிசையாக நட்டு ஒரு வேலி. பாகார் என்பார்கள். சாங்கியில் ஒன்று, பாசிர் பாஞ்சாங்கில் ஒன்று. சுறாவும் சொறிமீனும் உள்ளே வராமலிருக்க அந்த ஏற்பாடு. சொறிமீனுக்குக் கம்பத்து இடுக்கு தாராளமாகப் போதும் என்பது உள்ளே இறங்கியவர்களுக்குத் தெரியும். கடல் ஏறியிருந்தால் கழுத்தளவு தண்ணீர். வடிந்துவிட்டால் முழங்கால் சேறு. நீந்தும் நேரத்தை நிலா முடிவு செய்தது. அப்பாயி கரையில் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, என் இடுப்பில் கட்டிய துண்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் நீந்தியதாகச் சொல்ல முடியாது. மேய விட்டார் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அதே கரையில் கொஞ்சம் தள்ளி, தஞ்சோங் ரூவில், வெள்ளைக்காரர்கள் 1894-இல் தொடங்கிய சிங்கப்பூர் நீச்சல் மன்றம் இருந்தது. அவர்கள் சேர்க்காததால் சீனர்கள் 1905-இல் தங்களுக்கென்று ஒன்று தொடங்கினார்கள். இரண்டும் அலை வந்து படியைத் தொடுகிற கடலோர மன்றங்கள். நம் ஆட்கள் எங்கே நீந்தினார்கள் என்று கேட்காதீர்கள். நம் ஆட்கள் அந்த மன்றங்களுக்குத் தண்ணீர்க் குழாய் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

1966-இல் கிழக்குக் கரையில் கடலைத் தூர்க்கும் வேலை தொடங்கியது. மேட்டு மண்ணை வெட்டிக் கொண்டுவந்து கொட்டக் கொட்டக் கடல் பின்வாங்கிக்கொண்டே போனது. மரீன் பரேட் அடுக்குமாடிகள், விரைவுச்சாலை, பூங்கா எல்லாம் எழுந்தன. கத்தோங் பூங்கா இப்போதும் இருக்கிறது. அங்கே நின்றால் கடல் தெரியாது. அந்த இரண்டு நீச்சல் மன்றங்களும் இருக்கின்றன, கடலைத்தான் காணோம். அறுபதுகளில் 580 சதுர கிலோமீட்டர் சொச்சம் இருந்த நாடு இன்று 730-ஐத் தாண்டிவிட்டது. தீவு வளர்ந்துகொண்டே போவதும், தீவுக்காரனுக்குக் கடல் தூரமாகிக்கொண்டே போவதும் ஒரே காரியம்தான்.

இனி ஃபேரர் பார்க். இதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல என்னால் ஆகாது.

ஊரின் முதல் பொது நீச்சல் குளம் மவுண்ட் எமிலி. 1931-இல், பழைய நீர்த்தேக்கத் தொட்டி இருந்த மேட்டில் கட்டினார்கள். இரண்டாவது 1952-இல் யான் கிட். மூன்றாவதுதான் எங்கள் ஃபேரர் பார்க் குளம், 1957. நானும் அதே வருஷம். அந்தக் குளத்தை என் ஜோடி என்று நினைத்துக்கொண்டே வளர்ந்தேன். பழைய குதிரைப் பந்தயத் திடலில் அது இருந்ததால் எங்களுக்கு நடக்கிற தூரம். அப்பாயிக்குத் தெரியாமல் போவதற்கும் நடக்கிற தூரம்.

காசைச் சன்னலில் கொடுத்தால் கம்பிக்கூடை ஒன்று தருவார்கள். துணியை அதில் சுருட்டி வைத்துத் திருப்பிக் கொடுத்தால் எண் போட்ட வில்லை. அதைக் கையிலோ காலிலோ மாட்டிக்கொள்ள வேண்டும். தொலைத்துவிட்டால் ஈரக் கால்சட்டையோடு வீடு திரும்ப வேண்டும், அப்புறம் அப்பாயிக்கு விளக்கம் சொல்ல வேண்டும். அதனால் அந்த வில்லையை நான் காத்ததுபோல் பிற்காலத்தில் அடையாள அட்டையைக்கூடக் காத்ததில்லை. குளத்துக்குள் போகுமுன் கால் நனைக்கிற தொட்டி. மருந்து வாடை மண்டையைத் தாக்கும். அப்புறம் அந்த நீலம். சீனப் பையன், மலாய்ப் பையன், நம் பையன் எல்லாரும் ஒரே தண்ணீரில் ஒருத்தன் தலைமேல் ஒருத்தன். நீளவாக்கில் நீந்துவது என்ற எண்ணமே யாருக்கும் கிடையாது. நேராகப் போகக் கூட்டம் இடம் தராது. குறுக்கே பாய்ந்து, முங்கி, எவன் காலையாவது இழுத்து, எதிர்க்கரையில் மூச்சு வாங்கினால் அதுதான் நீச்சல். கற்றுக் கொடுத்தவர் யாருமில்லை. மூழ்காமல் இருப்பதற்கு என்னென்ன செய்ய வேண்டுமோ அதையெல்லாம் செய்தோம், அதற்குப் பின்னாளில் ஃப்ரீஸ்டைல் என்று பெயர் இருப்பதாகத் தெரிந்தது.

வெளியே வந்தால் கச்சாங் பூத்தே. தலையில் மரத்தட்டு, அதில் வறுத்த கடலை, பட்டாணி, முறுக்கு வகையறா. தாளைக் கூம்பாகச் சுருட்டி நிரப்பிக் கொடுப்பார். அந்தத் தொழிலில் இருந்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். அதில்தான் சிக்கல்: எல்லாரும் அப்பாவுக்குத் தெரிந்தவர்கள். "என்னடா தம்பி, தலை ஈரமா இருக்கு?" என்று கேட்டுவிட்டு, இன்னும் ஒரு பிடி கடலை போட்டு அனுப்புவார்கள். சாயங்காலமே வீட்டுக்குச் செய்தி போய்விடும்.

அந்தக் குளத்தின் கண்காணிப்பாளர் ஆங் டெக் பீ. 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ ஆடியவர். அவர் மகன் ஆங் பெங் சியோங் அந்தத் தண்ணீரில் வளர்ந்து, 1982-இல் 50 மீட்டரை 22.69 விநாடியில் நீந்தி, அந்த ஆண்டின் உலக அதிவேக நேரத்தைப் பிடித்தார். நாங்கள் ஒருத்தர் காலை ஒருத்தர் இழுத்துக்கொண்டிருந்த குளம் அது. ஜோசப் ஸ்கூலிங் 2016-இல் ரியோவில் 50.39 விநாடியில் நூறு மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் தங்கம் வாங்கியபோது ஊரே தொலைக்காட்சி முன்னால் நின்றது. நானும் நின்றேன். என் மனம் மட்டும் அந்தக் கம்பிக்கூடையின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் தேசிய சேவை, வேலை, கல்யாணம், வீவக வீட்டுத் தவணை, பிள்ளைகள். இந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் நான் தண்ணீரைப் பெரும்பாலும் குடைக்கு மேலேதான் பார்த்தேன்.

டாக்டர் சொன்ன பிறகு முதலில் போனது மகனுடைய கொண்டோவுக்கு. விற்பனைப் புத்தகத்தில் அதை 'லகூன்' என்று போட்டிருந்தார்கள். மேலிருந்து பார்த்தால் முந்திரிக்கொட்டை. அழகுக்குக் குறைவில்லை, நடுவில் சின்னத் தீவு, அதில் ஒரு தென்னை. தீவில் இருக்கிறவனுக்கு நீச்சல் குளத்திலும் ஒரு தீவு எதற்கு என்று யாரும் கட்டடக் கலைஞரைக் கேட்கவில்லை போலும். எந்தப் பக்கம் அளந்தாலும் நேர்கோடு பதினெட்டு மீட்டரைத் தாண்டாது. ஒரு கிலோமீட்டர் நீந்த ஐம்பத்தைந்து தரம் திரும்ப வேண்டும். நீந்தியதைவிடத் திரும்பியதற்குத்தான் முட்டி அதிகமாக வலித்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு குழந்தையும் ஊதிய குதிரைப் பொம்மையும் எதிரில் வரும். பக்கத்திலேயே இறைச்சி வாட்டும் அடுப்பு. ஆழமாக மூச்சை இழுத்துவிடச் சொன்னார் டாக்டர். இழுத்தால் சாத்தே புகை. சுவரில் அறிவிப்புப் பலகை: பந்து கூடாது, ஓடக் கூடாது, கண்ணாடிப் பாட்டில் கூடாது, விருந்தினர் இத்தனை பேருக்கு மேல் கூடாது. நீந்தக் கூடாது என்று எழுதவில்லை. அதைக் குளத்தின் வடிவமே சொல்லிவிட்டது.

பேத்தி ஒருநாள் கேட்டாள்: "தாத்தா, நீங்க ஏன் விளையாடாம அங்கயும் இங்கயும் போயிட்டே இருக்கீங்க?" இதற்கு இன்றுவரை என்னிடம் நல்ல பதில் இல்லை.

நண்பர் ஒருவரின் கொண்டோவில் நிஜமாகவே ஐம்பது மீட்டர். நீளம் சரி, ஆழம் இடுப்பளவு. அதையும் பொறுக்கலாம். விருந்தினர் நீந்தும்போது வீட்டுக்காரர் கூட இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. அவர் நல்ல மனிதர். நாற்காலி போட்டு உட்கார்ந்து, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே, நான் கரைக்கு வரும்போதெல்லாம் "முடிஞ்சுதாங்க?" என்று கேட்பார். பத்து லேப் தாண்ட மனசாட்சி இடம் கொடுப்பதில்லை. எழுந்து கோப்பிக்கடைக்குப் போவோம். பாலும் சீனியும் போட்ட கோப்பி, இரண்டு பரோட்டா. அந்த மாதச் சர்க்கரை அளவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

நீளம்தான் குறி என்றால் மரினா பே சேண்ட்ஸ் ஹோட்டலின் 57-ஆவது மாடியில் 150 மீட்டர் நீளத்துக்கு ஒரு குளம் 2010-முதல் இருக்கிறது. ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு மட்டும். தங்கியவர்கள் காட்டிய படங்களைப் பார்த்திருக்கிறேன். அத்தனை பேரும் விளிம்பில் சாய்ந்து நகரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். 150 மீட்டர் தண்ணீரில் நீந்துகிறவர் ஒருவர்கூடக் கண்ணில் படவில்லை. பணம் கொடுத்து ஆகாயத்தில் போய் நிற்பவர்களிடம் லேப் அடிக்கச் சொல்வது முறையில்லைதான்.

கடலையும் விடவில்லை. ஈஸ்ட் கோஸ்டில் அதிகாலையில் சிலர் நீந்துவார்கள். ஆரஞ்சு மிதவையை இடுப்பில் கட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். எனக்கு அப்பாயியின் துண்டு ஞாபகம் வந்தது. தண்ணீர் கலங்கல், முங்கினால் சொந்தக் கை தெரியாது. அடிவானம் முழுக்கக் கப்பல்கள் வரிசை கட்டி நிற்கும். உலகத்தின் பரபரப்பான துறைமுகங்களில் ஒன்று என்று பெருமைப்படுகிற வாய், அந்தக் கப்பல்களுக்கு நேர் எதிரே தண்ணீரைக் குடிக்கத் தயங்கும். 2024 ஜூன் 14-ஆம் தேதி பாசிர் பாஞ்சாங் பக்கம் தூர்வாரும் கப்பல் ஒன்று, நின்றிருந்த எண்ணெய்க் கப்பலில் மோதியது. சுமார் 400 டன் எண்ணெய் கடலில் கலந்தது. செந்தோசாவிலும் ஈஸ்ட் கோஸ்டிலும் கரை கறுப்பானது. நீந்தத் தடை வந்தது. தொண்டூழியர்கள் குனிந்து குனிந்து எண்ணெய் மண்ணை அள்ளினார்கள். பிறகு எல்லாம் சுத்தமாகி, கரைகளை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார்கள். என் மனைவி மட்டும் இன்னும் திறந்துவிடவில்லை. "வீட்டுல ஒரு துண்டுதான் நல்லா இருக்கு, அதையும் எண்ணெயாக்கணுமாக்கும்" என்றாள்.

மிச்சம் இருந்தது பொது நீச்சல் குளம். முதலிலேயே அங்கே போயிருக்கலாமே என்பீர்கள். கொண்டோ வாங்கிய மகன் இருக்கும்போது பொதுக் குளத்துக்குப் போனால் உறவுக்காரர்கள் என்ன பேசுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா?

இன்றைக்குத் தீவில் பெரிய பேட்டை ஒவ்வொன்றிலும் ஒரு பொதுக் குளம். நுழைவுக் கட்டணம் ஒரு கோப்பி விலைதான். அறுபத்தைந்தைத் தாண்டிய குடிமக்களுக்கு அதுவும் கிடையாது. 2014-இல் ஆக்டிவ்எஸ்ஜி தொடங்கியபோது பதிந்துகொண்ட குடிமக்களுக்கு 100 வெள்ளி வரவு வைத்தார்கள். நம்மவர்கள் பலர் அதைப் பூப்பந்துக்கும் பிள்ளைகளின் வகுப்புக்கும் செலவழித்தார்கள். தெம்பனிஸ் நடுவத்தில் மாடியில் குளம். 2014-இல் திறந்த காலாங் விளையாட்டு நடுவத்தில் உலகத்தரக் குளம். 2025-இல் உலக நீச்சல் வெற்றியாளர் போட்டியே இந்த ஊருக்கு வந்தது. கம்பிக்கூடை போய்ப் பூட்டுப் பெட்டி வந்துவிட்டது. நீளம் ஐம்பது மீட்டர், கயிறு கட்டிய லேன், அடியில் கறுப்புக் கோடு. டாக்டர் கேட்ட எல்லாமும் இருக்கிறது.

கோடு இருக்கிறது, கோட்டின்மேல் ஆள் இருக்கிறார்கள். சாயங்காலம் போனால் பாதி லேன் பயிற்சிக் குழுக்களுக்கு. மிதக்கும் பலகையைப் பிடித்துக்கொண்டு வரிசையாகக் குழந்தைகள். 2010-இல் தொடங்கிய ஸ்விம்சேஃபர் திட்டத்தின் புண்ணியம். காலை இழுத்து விளையாடித் தேறிய எங்கள் தலைமுறைக்கு அந்தக் குழந்தைகளின் ஒழுங்கைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. மிச்ச லேன்களில் ஒன்றில் தவளை நீச்சல் அடிக்கும் இரண்டு சீன ஆன்ட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் போவார்கள். தலை நனையாது, பேச்சு நிற்காது. அவர்களைத் தாண்டிப் போவது சாலையில் இரட்டைக்கோட்டைத் தாண்டுவதற்குச் சமம். அடுத்த லேனில் முப்பது வயது இளைஞர்; ஒவ்வொரு கையடிக்கும் அரை லாரி தண்ணீரை நம் முகத்தில் கொட்டுவார். மூன்றாவதில் ஓர் அங்கிள் கரையோரம் சாய்ந்து நிற்பார். நீந்த மாட்டார், நகரவும் மாட்டார், திரும்புகிற இடம் அவர் முதுகு. மெல்லிய குரலில் "எக்ஸ்கியூஸ் மீ" சொன்னால், சொன்னவரை மெதுவாகத் திரும்பிப் பார்த்து, "டேக் யுவர் டைம்" என்பார்.

இத்தனையும் சரியாக அமைந்து, மூச்சு ஒரு கதியில் வந்து, கை தானாகப் போகத் தொடங்குகிற நிமிஷத்தில் விசில். மின்னல் எச்சரிக்கை. இந்த ஊரில் ஆண்டின் பாதி நாளுக்குச் சற்றுக் குறைவாக இடி இடிக்கிறது. அதில் பெரும்பங்கு நான் நீந்தும் நேரத்தில் இடிப்பதாக எனக்குச் சந்தேகம். "அங்கிள்! அவுட், அங்கிள்!" என்று உயிர்காப்பாளர் கத்துவார். எல்லாரும் ஏறிக் கூரைக்கு அடியில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார வேண்டும். வானத்தைப் பார்த்தால் வெயில் அடிக்கும். மின்னல் வேறெங்கோ நாலைந்து கிலோமீட்டர் தள்ளி. அரை மணி நேரம் அந்த வெயிலைப் பார்த்துக்கொண்டு நனைந்தபடி இருப்போம். ஆன்ட்டிகளின் பேச்சு அங்கேயும் நிற்காது. ஒரு விதத்தில் அப்பாயி அரசாங்க வேலையில் சேர்ந்து சம்பளத்தோடு விசில் ஊதுகிறார் என்றே எனக்குத் தோன்றும்.

கொவிட் வந்தபோது இதற்கும் ஏங்க வைத்தார்கள். 2020 ஏப்ரல் 7-இல் ஊர் அடங்கியது. ஜூன் 19-இல் குளங்களைத் திறந்தார்கள், முன்பதிவோடு. கைப்பேசியில் நேரத்தைப் பிடிக்க வேண்டும். முன்பு நிலா நேரம் குறித்தது, அப்புறம் செயலி குறித்தது. நிலாவுக்குக் கடவுச்சொல் கிடையாது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: அந்த மாதங்களில்தான் ஒரு லேனில் ஆள் குறைவாகவும் தண்ணீர் தெளிவாகவும் இருந்தது. என் வாழ்நாளின் நல்ல நீச்சலெல்லாம் பெருந்தொற்றின் தயவு.

கையில் கட்டிய நடைப் பட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தினமும் பத்தாயிரம் அடி எடுத்து வைத்தால் பரிசுப் புள்ளி தரும் நாட்டில் வாழ்கிறோம். ஒரு கிலோமீட்டர் நீந்திக் களைத்து வந்து பார்த்தால், குளத்துக்கு நடந்து போன அடிதான் கணக்கில் இருக்கும். என் மனைவி பேரங்காடியில் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டே பற்றுச்சீட்டு வென்றாள்.

ஃபேரர் பார்க் குளத்தை 2003-இல் பொதுமக்களுக்கு மூடிவிட்டார்கள். என் ஜோடி நாற்பத்தாறு வயதில் ஓய்வு பெற்றது, எனக்கு வெகுகாலம் முன்னதாக. ஆங் பெங் சியோங்கே அங்கே நீச்சல் பள்ளி நடத்தினார். கண்காணிப்பாளரின் மகன் திரும்பி வந்து அதே தண்ணீரில் அடுத்த தலைமுறைக்குக் கற்றுக் கொடுத்தது நல்ல காரியம். 2021-இல் அந்தத் திடலில் சுமார் 1,600 வீவக வீடுகள் கட்டும் திட்டத்தை அறிவித்தார்கள். வீடு வேண்டாம் என்று எவன் சொல்லுவான்? ஆனால் தேக்காவில் மீன் வாங்கிவிட்டு அந்தப் பக்கம் நடக்கும் பழைய ஆட்கள் வேலியோரம் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். நம் பக்கத்தில் இப்போது ஜாலான் புசார் குளம் இருக்கிறது, நடக்கிற தூரம்தான்.

இத்தனை இடம் அலைந்தவன் என்ற முறையில் என் தீர்ப்பு: கொண்டோக் குளம் கண்ணுக்கு, கடல் காற்றுக்கு, ஹோட்டல் குளம் கேமராவுக்கு. லேப் அடிக்க வேண்டுமென்றால் பொதுக் குளம். அதிலும் வாரநாள் காலை, வேலைக்குப் போகிறவர்கள் கிளம்பிப் போன பிறகு, ஒன்பதரையிலிருந்து பதினொன்றுக்குள். இடி பெரும்பாலும் பிற்பகலில்தான். பள்ளி விடுமுறை வாரங்களை மறந்துவிடுங்கள்.

அந்த நேரத்தில் சீனர்கள் வருகிறார்கள், மலாய்க்காரர்கள் வருகிறார்கள். முட்டிவலியும் சர்க்கரையும் நம்மிடம் குறைவா என்ன? நம் ஆட்களைத்தான் காணோம். நம் பெண்கள் அறவே இல்லை. முழுக்கை, முழுக்கால் மறைக்கிற நீச்சல் உடை இப்போது எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. மலாய்ப் பெண்கள் அதை அணிந்து நிம்மதியாக நீந்துகிறார்கள். நீச்சல் தெரியாவிட்டால் பக்கத்தில் ஆழமில்லாத குளம் உண்டு, அதில் முதலில் நடக்கலாம். ஜாதகத்தை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள் அக்கா. குளத்துக்குக் குளம் வாரத்தில் ஒரு நாள் காலை துப்புரவுக்காக மூடுவார்கள். அது எந்த நாள் என்று செயலியில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.